பரிசல் வழக்குக்கு வேண்டியதில்லை

பாறைத்துறைக் காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளராக நிர்மலாதேவி பொறுப்பேற்று ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. ஒகேனக்கல்லுக்குக் கீழே, இரு மலைகளுக்கு நடுவே காவிரி ஒடுங்கி ஓடும் இடத்தில் அமைந்த சிற்றூர் அது. ஏறத்தாழ நாற்பது குடும்பத்தார் பரிசலில் சென்று மீன் பிடித்துப் பிழைத்தனர். காவல்துறையினர் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெறவேண்டும் என்று மாவட்டத் தலைமையிலிருந்து ஆணை வந்திருந்தமையால், சனிக்கிழமைதோறும் அவர் மீனவர்களை அழைத்துக் கூட்டம் நடத்தினார். அனைவரும் வந்தனர், தேநீர் அருந்தினர், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டனர். குறை ஏதும் உண்டா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

“குறைன்னா, டீக்குச் சக்கரை கொஞ்சம் கம்மிங்க மேடம்” என்றான் குப்புராஜ் என்னும் இளைஞன். கூட்டம் சிரித்தது. ‘குறை இல்லை’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டது.

ஐந்தாவது கூட்டம் முடிந்து இரண்டாம் நாள், திங்கட்கிழமை, அரூரிலிருந்து நண்பர்களுடன் குளிக்க வந்த கலைவாணன் என்னும் மின்பணியாளர் ஆற்றில் வழுக்கி விழுந்து மறைந்தார். அன்று மாலையே அவருடைய அக்காள் தெரசா வந்து சேர்ந்தார். சத்துணவு மையம் ஒன்றில் அமைப்பாளராக இருப்பவர். தாய் தந்தையர் இல்லை. ஊரில் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோர் அருகே இடம் ஒதுக்கியாயிற்று. அடக்கம் செய்ய உடல்தான் இல்லை. தீயணைப்பு வீரர்கள் மூன்று நாள்கள் தேடினர். தாங்கள் இறங்கக்கூடிய இடங்களையெல்லாம் தேடிவிட்டுத் திரும்பினர். தெரசா ஆற்றங்கரையை விட்டு நகரவில்லை. சனிக்கிழமை முதல் நீர்வரத்து பன்மடங்கு கூடும் என்று வெள்ளிக்கிழமை காலை அறிவிப்பு வந்தது. அதன்பின் உடல் எங்கே போகும் என்று எவராலும் சொல்ல இயலாது.

“மேடம், ஆத்துல ஒத்தைச் செருப்பு மெதந்தாலும் இந்தப் பரிசல்காரங்களுக்குத் தெரியும். பாத்திருப்பாங்க” என்றார் தலைமைக் காவலர் பச்சியப்பன்.

“பாத்திருந்தா ஏன் சொல்லல?”

அவர் நிலையத்தின் பின்புறம் அழைத்துச் சென்றார். பறிமுதல் செய்த இருசக்கர வண்டிகளுக்கிடையே பரிசல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தார் பூசிய சாக்கு நைந்து உதிர்ந்து, மூங்கில் விலா மட்டும் எஞ்சியிருந்தது. அதில் வழக்கு எண் எழுதிய தகடு கட்டப்பட்டிருந்தது.

“நஞ்சப்பன் பரிசல். மூணு வருசம் முந்தி ஒரு பொணத்தை இதுல ஏத்திக்கிட்டு வந்தாரு. பொணம் வந்த வண்டின்னு பிடிச்சு வெச்சாச்சு. நான் அப்ப இங்க இல்லீங்க.”

நிர்மலாதேவி அக்கோப்பைத் தேடி எடுக்கச் சொன்னார். தவறி விழுந்த மரணம் என்று வழக்கு அப்போதே முடிந்திருந்தது. பரிசலை உரியவரிடம் ஒப்படைக்குமாறு ஈராண்டுகளுக்கு முன்பே ஆணையும் வந்திருந்தது. அதனை யாரோ கோப்பில் ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தனர். நஞ்சப்பனுக்கு ஒருவரும் தெரிவிக்கவில்லை.

நண்பகலில் நிர்மலாதேவி ஆணையின் நகலுடன் துறைக்குச் சென்றார். நஞ்சப்பன் வலையில் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். அருகில் குப்புராஜ் நின்றான்.

“உங்க பரிசலை ரெண்டு வருசம் முன்னயே திருப்பித் தந்திருக்கணும். தப்பு எங்க ஸ்டேசன் மேலதாங்க” என்றார் நிர்மலாதேவி.

நஞ்சப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். “இப்பக் கொடுத்தா அதுல மீன் புடிக்கறதாங்க, அடுப்பெரிக்கறதாங்க?”

“அடுப்புக்குத்தான் ஆகும்.”

இந்த விடையை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். கை வேலையை நிறுத்தினார். “ஒரு வருசம் அடுத்தவன் பரிசல்ல கூலிக்குத் துடுப்புப் போட்டேங்க. அப்பறந்தான் வேற பரிசல் வாங்குனேன். பொணத்தை எடுத்தது குத்தமான்னு எங்க வூட்ல இன்னும் கேக்கறா.”

“மாமா, மேடம் அதுக்கு வரலை. இன்னொன்னு கேக்கத்தான் வந்திருக்காங்க” என்றான் குப்புராஜ்.

“அதையும்தான் கேக்க வந்தேன். நாளைக்குத் தண்ணி ஏறிரும். அந்தம்மா அங்கயே உக்காந்திருக்காங்க.”

நஞ்சப்பன் கரையில் கிடந்த தம் புதுப் பரிசலைப் பார்த்தார். பிறகு, “எடுத்துட்டு வந்தா இந்தப் பரிசலு?” என்று வினவினார்.

“பரிசல் வழக்குக்கு வேண்டியதில்லைன்னு கரையிலயே எழுதித் தந்துருவேன்.”

“மொதல்ல எழுதிக் குடுங்க. அப்பறம் போறேன்.”

பச்சியப்பன் குறுக்கிட்டார். “நடக்கறதுக்கு முந்தி எப்படிய்யா எழுதறது? மகசரை முன்கூட்டியே எழுதுனா எங்க வேலை போயிரும்.”

“எங்களுது போனது பரவால்லீங்களா ஏட்டய்யா?” என்றான் குப்புராஜ்.

நடந்ததைச் சாட்சிகளோடு பதியும் மகசராக எழுதாமல் தனிக் கடிதமாக எழுதலாம் என்று நிர்மலாதேவி கூறினார். காவல் வண்டியின் முன்புறத்தில் தாளை வைத்து, உடலைக் கொணரும் பரிசலை நிலையம் கைப்பற்றாது என்றும், கோர்ட்டுச் சம்மன் வரின் சாட்சியை நிலைய வண்டியிலேயே அழைத்துச் சென்று கொண்டுவந்து விடுவதாகவும் எழுதினார். “சம்மனே வராதுன்னு என்னால எழுத முடியாதுங்க” என்றும் சொன்னார். பச்சியப்பன் நிலையத்திற்குச் சென்று முத்திரையைக் கொண்டுவந்தார். நஞ்சப்பன் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார், நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார், துடுப்பை எடுத்தார். அழைக்காமலே குப்புராஜும் பரிசலில் ஏறினான்.

அவர்கள் எங்கும் தேடவில்லை. கீழே இரண்டு வளைவுகள் தாண்டி, நீர் சுழலும் ஒரு பாறை இடுக்கிற்கு நேராகச் சென்றனர். ஒன்றரை மணி நேரத்தில், வலையில் சுற்றிய உடலுடன் கரை சேர்ந்தனர்.

உடலின் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துத் தம்பிதான் என்று தெரசா கூறினார். வேறெதையும் அவர் பார்க்க நிர்மலாதேவி விடவில்லை.

பின்னர் மர நிழலில் நாற்காலி போட்டு நிர்மலாதேவி வாக்குமூலம் எழுதலானார். பரிசல் கைப்பற்றப்படவில்லை என்பதை முதல் வரியாக எழுதிப் படித்துக் காட்டினார். அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“உடலை மொதல்ல எப்பப் பாத்தீங்க?”

நஞ்சப்பன் தயங்கினார். “இன்னிக்குன்னு சொல்லுங்க மாமா, ஒரு கையெழுத்தோட முடிஞ்சிரும்” என்று குப்புராஜ் காதருகே சொன்னான். அது எல்லோருக்கும் கேட்டது. நிர்மலாதேவி எழுதுகோலை உயர்த்தியபடி காத்திருந்தார். தெரசா பத்தடி தொலைவில் நின்றிருந்தார்.

“செவ்வாக்கெழமைங்க” என்றார் நஞ்சப்பன். “காத்தால வலை எடுக்கப் போனப்ப.”

தெரசா அருகில் வந்தார். “செவ்வாக்கெழமை என்னைத் தாண்டித்தான போனீங்க. சாப்டியாம்மான்னு கேட்டீங்க.”

“ஆமாங்க.”

“வியாழக்கெழமையும் கேட்டீங்க.”

“கேட்டேங்க.”

நிர்மலாதேவி ‘செவ்வாய்க்கிழமை காலை’ என்றே எழுதினார். முழுவதையும் ஒருமுறை படித்துக் காட்டினார். நஞ்சப்பன் திருத்தம் எதுவும் கூறாமல் கையெழுத்திட்டார்.

அரசு மருத்துவமனைக்குச் செல்லும் ஆம்புலன்ஸ் மேட்டில் நின்றது. துறையிலிருந்து அங்கே ஏறும் வழி கற்களால் ஆனது. உடலைக் கிடத்திய ஸ்ட்ரெச்சரில் ஓட்டுநரும் குப்புராஜும் பச்சியப்பனும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தனர். நான்காவது மூலை தாழ்ந்தது. தெரசா அதைப் பிடிக்கக் குனிந்து, நிமிர்ந்து, நஞ்சப்பனைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் நீங்க புடிங்க” என்றார்.

அவர் வந்து பிடித்தார். தெரசா முன்னே ஏறினார்.