குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு காட்சிமுனை

1988 மாசியில், லண்டன் வால்தம்ஸ்டோவில் பாஸ்கரன் வாடகைக்கு இருந்த வீட்டில், சமைக்கிற குசினியின் கதவுக்குப் பின்னால், ஸ்பெயினுக்குச் சொந்தமான எரிமலைத் தீவொன்றின் காட்சிமுனை வந்து நின்றது. பைன் காடு, கரிய கல், உட்கார ஒரு வாங்கு, கம்பி வேலி, வேலிக்குக் கீழே முகில். சத்தம் சந்தடி கிடையாது. கவுன்சிலில் இருந்து வந்தவர் குப்பைவாளி எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? ஹவுன்ஸ்லோவிலிருந்தும் கிங்ஸ்பரியிலிருந்தும் கோட்டு சூட்டோடு வந்து, வேலியில் சாய்ந்து படம் எடுத்து, "ஹொலிடே போனனாங்கள்" என்று ஊருக்கு அனுப்பியது. மரத்தைத் தவிர ஒரு மண்ணும் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே அங்கே மிளகாயும் காயவைத்தது. பாஸ்கரன் மட்டும் வாசற்படியோடு நின்றான். அவனுடைய அகதி விண்ணப்பம் முடிவாகியிருக்கவில்லை. அது சரிவந்தால்தான் யாழ்ப்பாணத்திலிருந்த மனைவி தவநாயகியைக் கூப்பிடலாம். முதல் நாள் அவன் காலைத் தூக்கியபோதே சட்டத்தரணி தியாகராஜா பாய்ந்து பிடித்துவிட்டார்.

"தம்பி, அது ஸ்பெயின். கால் வைச்சீரெண்டால் நாட்டை விட்டுப் போனதாத்தான் எடுப்பாங்கள். கேஸ் அதோடை சரி."

சொன்னவர் தானே வெளியே போய், வாங்கில் உட்கார்ந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். அவரிடம் பாஸ்போர்ட் இருந்தது. பாஸ்கரன் ஆறு வருடம் படியில் நின்று மற்றவர்களுக்குத் தேத்தண்ணி நீட்டினான்.

1994இல் தவநாயகி பொறுமை கெட்டு, களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்துப் புறப்பட்டாள். அந்தப் புண்ணியவான் அவளை அதே தீவில் இறக்கி, மேலே ஏறினால் லண்டன் வரும் என்று கைகாட்டிவிட்டு மறைந்தான். வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். சேலையோடு காட்டு வழியே ஏறி வந்தவள் வாங்கடியில் சுருண்டு விழுந்தாள். கதவிலிருந்து பன்னிரண்டு அடி. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. பாஸ்கரன் தியாகராஜாவுக்குப் போன் அடித்தான்.

"அசையாதையும்! பின்னேரம் நான் வந்து தூக்கிறன்."

தவநாயகி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஏனப்பா அங்கையே நிக்கிறியள்? என்னை அடையாளம் தெரியேல்லையோ?"

பாஸ்கரன் போனைப் போட்டுவிட்டு ஓடினான். குழறிக் குழறி அழுதபடி அவளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தான்.

மறுநாள் இருவரும் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். அதிகாரி நிமிர்ந்தும் பார்க்காமல், நாட்டுக்குள் வந்த வழி என்ற இடத்தில் 'குசினி' என்று எழுதினார். பாஸ்கரனின் பழைய கேஸைக் கிழித்துப்போட்டு, தவநாயகியின் நம்பருக்கு அடுத்த நம்பரைக் கொடுத்து, முதலிலிருந்து காத்திருக்கச் சொன்னார். அவனுக்கு அன்று வந்த சந்தோசத்தை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை.