மாஸ்டர் பாலத்தில் சொன்னது

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு ஒரு பழக்கம். யாரிடம் பேசினாலும் முகத்தைத் திருப்ப மாட்டார். பாவம், தொழில் அப்படி. பழகுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளட்ச்சை விடுங்க, மெதுவா, ஐயோ மெதுவா!" என்று அலறும்போது கண் சாலையை விட்டு நகர்ந்தால் உயிர் தங்காது. இப்படியே பேசிப் பேசி, சாப்பிட உட்கார்ந்தால்கூட எதிர்ச்சுவரைப் பார்த்துத்தான் அக்காவிடம் உப்புக் கேட்பார்.

மருந்துக்கடை மேடம் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து நாலு மாதம் ஆகிறது. அவரைப் போலவே அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அந்த நாலு மாதத்தில் மனுஷன் மனதைப் பறிகொடுத்துவிட்டார். அவள் சிரிப்பு, கியர் மாற்றும்போது தனக்குத்தானே முணுமுணுப்பது, வண்டி நின்றுபோனால் வண்டியையே திட்டுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. முகம் மட்டும் பாதிதான் தெரியும்!

அன்று காலை அவள் தேர்வில் தேறிவிட்டாள். இனி அவள் வர வேண்டிய அவசியமே இல்லை. "இன்னிக்கும் வாயைத் திறக்கலேன்னா வீட்டுக்கு வராதே, கார்லயே படுத்துக்கோ" என்று அக்கா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பதற்றத்தில்தான் மாஸ்டர் உளறினார். "மேடம், தேறினதுக்கு எங்கயாவது போலாமா? அந்த ஆத்துப் பாலம் ரொம்ப அழகா இருக்காம்."

"பாலமா?" அவள் கொஞ்சம் இழுத்தாள். பிறகு, "உங்களுக்கு ஆசைன்னா போலாம் மாஸ்டர்" என்றாள்.

அந்த ஆற்றைத் தாண்டிப் போன ரயில் நின்று வெகுகாலம் ஆகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் ஆற்றுக்குள் நின்ற கல்தூண்களை மட்டும் விட்டுவிட்டார்கள். இப்போது அந்தத் தூண்களின் தலையில் பலகை பாவி, கம்பிக் கைப்பிடி போட்டு, நடப்பவர்களுக்கென்று ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். ரயில் போன உயரம், கேட்கவா வேண்டும்! இடுக்கு வழியே குனிந்து பார்த்தால் கீழே ஒரு படகு தீப்பெட்டி அளவுக்குப் போகிறது.

தனக்கு உயரம் என்றால் ஆகாது என்பது மாஸ்டருக்கு இரண்டாவது பலகையில் கால் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பல்பு மாற்றக்கூட அக்காவை நாற்காலியில் ஏற்றுகிற ஆள் அவர்! திரும்பினால் மானம் போகும். கண்களை அக்கரையில் நட்டுக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் ஓடிப் பலகை அதிரும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. அந்த மிதியில் பலகை இன்னும் அதிர்ந்தது.

பாதிப் பாலம் தாண்டியாயிற்று. இப்போது சொல்லாவிட்டால் எப்போது? பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. அது போதாதா மாஸ்டருக்கு? அக்கரையைப் பார்த்தபடியே கொட்டினார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. நாளைக்கு அந்த சீட்ல வேற யாரோ உக்காருவாங்கன்னு நெனச்சாலே வண்டியை எடுக்க மனசு வரல. நீங்க மரத்துல மோதப் போனீங்களே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"தம்பி, நான் பேரன் பேத்தி எடுத்தவன். வீட்டுல தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா."

மாஸ்டர் வெடுக்கென்று திரும்பினார். மீசையெல்லாம் ஐஸ்கிரீமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"நீங்க தேடுறவங்க அதோ" என்று அவர் ஐஸ்கிரீமாலேயே பின்னால் காட்டினார்.

அங்கே, நட்டநடுத் தூணுக்கு மேலே, மேடம் கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றிருந்தாள்.

"ஐயய்யோ மேடம், உங்களுக்கும் பயமா?"

"சின்ன வயசுலேர்ந்தே! நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு வந்து தொலைச்சேன்!"

"எனக்கு என்ன ஆசை? வாய்க்கு வந்ததை உளறினேன்!"

பெரியவருக்கு அடக்க முடியவில்லை. "அம்மா! இவரு என்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லிக் கேக்குறாரு! சீக்கிரம் வந்து காப்பாத்துங்க!"

பாலமே சிரித்தது. மாஸ்டருக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் மேடம் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"மாஸ்டர், அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

வேறு வழியில்லை. மாஸ்டர் அவளை நோக்கி நடந்தார். அக்கரையும் இல்லை, இக்கரையும் இல்லை, அந்த முகம் ஒன்றைத்தான் பார்த்தார். வலது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது, மூக்கு நுனி சிவந்திருந்தது. அடடா, இவ்வளவு அழகா! இத்தனை நாள் சாலையில் அப்படி என்னத்தைப் பார்த்துக் கிழித்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

எதிரில் போய் நின்றதும் பேச்செல்லாம் பறந்துவிட்டது. "அவர்கிட்ட நல்லா சொன்னேன்... இப்ப எல்லாம் மறந்துபோச்சு."

"கடைசியா கேட்டதை மட்டும் கேளுங்க."

"கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "சரி."

பெரியவர் கைதட்டினார், ஐஸ்கிரீம் தெறித்தது.

"அதான் சரின்னு சொல்லிட்டேனே, இன்னும் ஏன் இப்படி நடுங்குறீங்க?"

"இது பாலத்தால இல்லைங்க" என்றார் மாஸ்டர். "சந்தோஷத்துல."

அவள் கம்பியைப் பிடித்திருந்த இன்னொரு கையையும் எடுத்துவிட்டாள்.