நாகலெட்சுமியின் நடை

"இன்னும் ஒருக்கா நடந்து காட்டுங்கோ அக்கா," என்றாள் கஜனி.

நாகலெட்சுமி மறுபடியும் கோயிலடியிலிருந்து தண்ணீர்ப் பீலி வரைக்கும் நடந்தாள். சிறுவயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன வலது கால் அது. அதில் பாரம் விழும்போதெல்லாம் தொடையைக் கையால் அழுத்தி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்வாள். அவளுக்குப் பின்னால் கஜனியும் தொடையை அழுத்திச் சாய்ந்து நிமிர்ந்தாள். கொழும்பிலிருந்து வந்திருந்த நடிகை அவள். தொலைக்காட்சி நாடகத்தில் கால் ஊனமான தேயிலைக் கொழுந்துக்காரியாக நடிக்கப் போகிறவள். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் படம் எடுப்பவர்கள் வந்தது அதுவே முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லயத்து வீடுகளின் சனம் முழுவதும் வேலியோரம் நின்றது.

"ஏய் நாகு, அந்தம்மா கொழும்பு போறதுக்குள்ள நீ நடக்க மறந்துறாத!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டுக் காம்பராவின் ராக்காயி. நாகலெட்சுமி திரும்பி, "ஒன் வாய ஒருத்தி கேட்டு வரட்டும், அப்ப பாப்போம்டி," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

செல்லசாமி சிரிக்கவில்லை. மனைவியின் நெற்றி வியர்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். இராத்திரி அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்க்கப் போகிறவன் அவன். அதை விடவும் அவனை உறுத்தியது அவள் காலையில் சொன்ன பேச்சு.

"ஏங்க, நாங்க மலையேறுற மாதிரி எடுப்பாங்களாம். அதுல என்னயும் போடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பொன்னையா வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் அவள் பார்த்த நாடகங்களில் நொண்டி வந்தால் சிரிப்புக்கு வருவான், இல்லாவிட்டால் செய்த பாவத்துக்கு அனுபவிப்பான். கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரு நொண்டியை அவள் திரையில் கண்டதில்லை. அவளோ பதினாறு வயதிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறாள். அவளை வேலைக்குப் பேர் பதிய வைக்கத் தோட்டத்துத் தொரையிடம் கெஞ்சியவன் செல்லசாமி. ஏற்றமில்லாத தாழ்ந்த தேயிலை நிரையாகக் கொடுங்கள் என்று கங்காணியிடம், ஏறும்வரை நிறுத்துங்கள் என்று பஸ்காரனிடம், எத்தனையோ வாசலில் அதே குனிவு, அதே பேச்சு. இன்னொரு வாசலுக்குப் போக அவனுக்கு அலுப்பாக இருந்தது. ஆனாலும் போனான்.

நாடகத்தை எடுக்கும் றமணன் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனுசன். குடைக்குக் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. கதாநாயகி நொண்டி. பின்னால இன்னொராள் நொண்டினா சனம் குழம்பிப் போகும்."

"எங்க லயத்துலயே நொண்டுறவங்க மூணு பேரு இருக்காங்க. யாரும் கொழம்புறதில்லீங்க."

றமணன் சிரித்துவிட்டு யோசித்தார். "சரி, ஒண்டு செய்வம். அவ செடிக்குள்ள இடுப்பளவு மறைஞ்சு நிக்கட்டும். கால் தெரியாது. ஆருக்கும் விளங்காது."

செல்லசாமிக்கு அது நல்ல காரியமாகத்தான் பட்டது. போய்ச் சொன்னான். நாகலெட்சுமி படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"என் நடைய மட்டும் எடுத்துக்கிட்டாங்க. நான் தெரியாம நிக்கணுமா?"

அவனுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "ஒரு நா ஒரு பொழுது, உள்ளத வச்சுக்க புள்ள. நான் இன்னும் எத்தன பேருகிட்டதான் நிக்கிறது?"

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாய்க்கால் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அந்த உட்காருதல்தான் அவன் மனதில் இன்றைக்கும் கிடக்கிறது.

பெண்களை நிரை பிடித்து நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள். ஏறச் சொன்னபோது ஒருத்தியும் அசையவில்லை.

"என்ன பிரச்சினை?" என்றார் றமணன்.

"ஓரத்து நிரை நாகுவோடதுங்க சேர்," என்றாள் ராக்காயி. "அத சும்மா போட்டுட்டு ஏறுனா கங்காணி வைவாரு."

"இண்டைக்கு வேலை நாள் இல்லையே அம்மா."

"நாங்க வேலை செய்யிற மாதிரிதான சேர் எடுக்குறீங்க?"

கங்காணி சோலைமலை அங்கேதான் நின்றார். மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மேலே மலையை மூடிக்கொண்டு பனி இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்விட்டால் அன்றைய நாள் வீண். றமணன் பனியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார்.

"சரி, வரட்டும். ஓரத்தில வரட்டும்."

நாகலெட்சுமி எழுந்து போய்த் தன் நிரையில் நின்றாள். கஜனி முன்னால் நொண்டிக்கொண்டு ஏற, அவள் ஓரத்தில் நொண்டிக்கொண்டு ஏறினாள். இராத்திரி எண்ணெய் தேய்க்கும்போது ஒன்றே ஒன்றைக் கேட்டாள். "நான் தெரிஞ்சிருப்பேனாங்க?"

"தெரிஞ்சிருப்ப," என்றான்.

நாடகம் வர ஒரு வருசத்துக்கு மேலாயிற்று. அதற்குள் ஆடி மழையில் பிடித்த மார்ச்சளி அவளைக் கொண்டுபோய்விட்டது. செல்லசாமிக்குப் பார்க்கப் போகும் எண்ணமே இல்லை. ராக்காயிதான் கையைப் பிடித்துப் பொன்னையா காம்பராவுக்கு இழுத்துப் போனாள்.

கஜனி நன்றாகவே நொண்டினாள். தொடையை அழுத்திய அந்தக் கை, சாய்ந்து நிமிரும் அந்தத் தோள், எல்லாம் அச்சாக நாகலெட்சுமி. செல்லசாமி சில இடங்களில் தலையைக் குனிந்துகொண்டான். மலை ஏறும் காட்சி வரவே இல்லை. கடைசியில் கொழும்பு ஆஸ்பத்திரியில் கால் சரியாகி, கஜனி நேராக நடந்து வந்து கல்யாணம் கட்டினாள்.

"அடிப்பாவி, நம்ம நாகு நடைய வாங்கிட்டுப் போயி ஆசுபத்திரியில கழட்டிப் போட்டுட்டாளே," என்றாள் ராக்காயி. யாரும் சிரிக்கவில்லை. சிலர் எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

அப்போது நடித்தவர்களின் பேர்கள் திரையில் ஓடத் தொடங்கின. எழுத்துக்களுக்குப் பின்னால் அந்த மலை வந்தது.

கஜனி நொண்டிக்கொண்டு உச்சிக்கு ஏறிவிட்டாள். அவளுக்குக் கீழே பாதி மலையில் பெண்கள் வரிசையாக நின்றுவிட்டிருந்தார்கள். நாகலெட்சுமி ஏறிய ஓரத்து நிரை திரைக்குள் வரவில்லை, வெட்டியிருந்தார்கள். பெண்களில் ஒருத்தியும் கஜனியைப் பார்க்கவில்லை. முதுகில் கூடையோடு எல்லோரும் இடது பக்கம் திரும்பி, படம் முடியும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நின்ற ராக்காயி குனிந்து, ஓரத்துக்கு வெளியே கையை நீட்டினாள். முழங்கைக்கு அப்பால் அந்தக் கை தெரியவில்லை. பாரம் இழுத்ததில் அவள் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.