இடது இறக்கை

விமானப்படைக் குடியிருப்பில் கடைசி வீடு அவளுடையது. மொட்டைமாடியில் நின்றால் ஓடுபாதை முடியும் இடம் தெரியும். சரக்கு விமானத்தோடு கிளம்பும் நாளெல்லாம், மேலே ஏறியதும் அவள் கணவன் இடது இறக்கையை அவள் பக்கம் லேசாகச் சாய்ப்பான். சட்டத்தில் இல்லாத சங்கதி. மேலதிகாரி கேட்டால் காற்றின் மேல் பழி போட்டுவிடுவேன் என்று கண்ணடிப்பான். அவளும் கையில் இருப்பதை ஆட்டுவாள். ஒருமுறை அவசரத்தில் துடைப்பத்தை ஆட்டிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவன் கேலி தாங்கவில்லை.

அன்று காலையும் இறக்கை சாய்ந்தது. வழக்கத்தைவிட அதிகமாக, மிக மெதுவாக, தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல. சத்தம் பாதியாகியிருந்தது. அவள் ஈரப் போர்வையைத் தூக்கி ஆட்டினாள். விமானம் அவளைப் பார்த்துத் தலைசாய்த்தபடியே மரங்களுக்குப் பின்னால் இறங்கிற்று. தூக்கிய கை அப்படியே நின்றது.

கிளம்பியதும் ஓர் எஞ்சின் நின்றுவிட்டதாம். பிழைத்தவன் துணை விமானி மட்டும். காலைக் கூட்டங்களில் தூக்கக் கலக்கத்தில் அவன் வாய் மூடியதில்லை என்பதால் அவள் கணவன் அவனைக் 'கொட்டாவி' என்றே கூப்பிடுவான்.

துக்கம் கேட்க வந்த ஒருவர் வாசலில் பேசியது அவள் காதில் விழுந்தது: இறக்கை சாயாமல் இருந்திருந்தால் மிச்ச எஞ்சினோடு தப்பியிருக்கலாமாம். அன்றிலிருந்து அவளுக்குக் கேள்வி ஒன்றுதான். எனக்காகவா சாய்த்தான்?

மருத்துவமனையில் கொட்டாவி, இடது காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவள் வாய் திறக்கும் முன்பே அவன் முந்திக்கொண்டான்.

“கடைசியா உங்களுக்குத்தான் இறக்கையைச் சாய்ச்சாரு, அண்ணி. மாடியில உங்களைப் பாத்துச் சிரிச்சாரு.”

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அப்போ நான்தான் கொன்னேனா, தம்பி?”

அவன் முகம் மாறியது. ஜன்னல் திரை ஒருமுறை உப்பி அடங்கியது.

“இல்ல அண்ணி. நான் சொன்னது பொய். நின்னது இடது எஞ்சின். விமானம் தானா அந்தப் பக்கம் சாஞ்சுது. அதை நிமிர்த்தத்தான் ரெண்டு பேரும் வலது கால் மிதியை அழுத்திட்டே இருந்தோம்.”

“மாடியைப் பாத்தாரா?”

“பாக்கல.”

வாய் எதையும் சொல்லும். ஆனால், பேசும்போதே அவனுடைய வலது கால் போர்வைக்குள் நீண்டு, கால்மாட்டுக் கம்பியை மிதித்துக்கொண்டிருந்தது. அவனுக்கே அது தெரியவில்லை. கம்பி முனகியது, கட்டிலின் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவள் அந்தக் காலை நம்பினாள்.

ஆக, கணவன் சாய்க்கவில்லை. சொல்லிக்கொள்ளாமலே போயிருக்கிறான். நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் போகும்போது கடைசிப் பார்வையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று.

கம்பி இன்னும் முனகிக்கொண்டிருந்தது. அவள் போர்வையின் மேலாக அந்தப் பாதத்தில் கையை வைத்தாள்.

“போதும், தம்பி. காலை எடுத்துக்கோ.”