ஓடும் வண்டியில் எடுத்த பேட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பொய்யிலிருந்து கிடைத்தது. கொழுந்தன் அண்ணியிடம் சொன்ன பொய். ஆகவே முதல் வரியிலிருந்தே என்னையும் சந்தேகப்படுங்கள், தப்பில்லை.

அண்ணிக்கு அரசு அலுவலகத்தில் ஆய்வுகளை மதிப்பிடும் வேலை. செயலியில் அழைத்தால் வரும் வாடகைக் கார்களின் ஓட்டுநர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எப்படி வேலை செய்கிறார்கள் என்றொரு ஆய்வு அவள் மேசைக்கு வந்தது. 'பெரும்பாலோர் மனநிறைவோடு இருக்கிறார்கள்' என்றது அது. அவள் சரியென்று எழுதிவிட்டால் ஓட்டுநர்கள் கேட்கும் குறைந்தபட்சக் கூலி அம்போதான்.

2

மழை பெய்த ஒரு காலையில் அவள் (வேண்டாம், மழையை நான் பார்க்கவில்லை.)

கொழுந்தனும் அந்தக் கார்தான் ஓட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் புலம்பித் தள்ளுவான்: "இடுப்பு ஒடியுது அண்ணி, கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது." ஒருநாள் அவள் அலுவலகம் போக வண்டி கூப்பிட்டாள். வந்தது அவனே. விளையாட்டாக, ஆய்விலிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"வேலை எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறங்கியதும் பிடித்துக்கொண்டாள். "என்கிட்டயே கதை விடறியா?"

"ஐயோ, வண்டிக்குள்ள நீங்க அண்ணி இல்ல, சவாரி! இறங்கினதும் நீங்க போடற ஸ்டார் குறைஞ்சா கம்பெனியில என்னைத் தூக்கிடுவாங்க. யார் கேட்டாலும் வாய் தானா அப்படித்தான் சொல்லுது."

3

ஆய்வை மறுபடி புரட்டினாள். 'பேட்டிகள் அனைத்தும் பயணிகளாக ஏறி, பயணத்தின்போதே எடுக்கப்பட்டவை.' பெருமையாக வேறு எழுதியிருந்தார்கள். அடப்பாவிகளா! ஸ்டார் போடும் கையோடு போய்க் கேட்டால் எவன் வாயைத் திறப்பான்?

'ஏற்க முடியாது, பயணியிடம் உண்மை பேச முடியாதென்று ஓர் ஓட்டுநரே சொன்னார்' என்று எழுதினாள். மேலதிகாரி விடவில்லை.

"யார் சொன்னாங்க? பேர் வேணும். பேர் இல்லாம அனுப்பினா குப்பைக்குத்தான் போகும்."

அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே கார் கம்பெனிதான். பெயர் அவர்கள் கைக்குப் போனால் கொழுந்தன் பிழைப்பில் மண்.

அவனிடமே கேட்டாள். "தாராளமா எழுதுங்க அண்ணி, எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றான்.

அதையும் வண்டிக்குள் உட்கார்ந்துதான் சொன்னான். அவள் பின்சீட்டில் இருந்தாள்.

4

பெயரை எழுதினாள் என்று முடித்தேன். அவன் வீட்டில் அடுப்பெரியவில்லை, அடித்துவிட்டேன். எழுதவில்லை என்று முடித்தேன். அத்தனை ஓட்டுநர்களும் 'மனநிறைவோடு' இருந்துவிட்டார்கள், அதையும் அடித்துவிட்டேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொழுந்தனின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் கம்பெனி ஆளோ என்னவோ, யார் கண்டது?