தையல் வகுப்பு

சாந்தோம் பக்கம் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் மாட்டு வண்டியில் வருவார்கள். நான்கு பக்கமும் திரை தொங்கும்; கோஷா வண்டி என்பார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, பிள்ளைகளை ஏற்றி, வண்டியோடு நடந்து வர ஓர் ஆயா உண்டு. 1931இல் அந்த வேலையை ஹாஜிரா பீ கேட்டு வாங்கினாள். புருஷன் ரங்கூன் போய்த் தகவலே இல்லாமல் போனவன். ஆயாவின் மகளிடம் பள்ளிச் சம்பளம் வாங்க மாட்டார்கள். அதற்காகத்தான்.

முதல் நாளே மகள் நஸ்ருன்னிசாவிடம் சொல்லிவைத்தாள்.

"வண்டில கீறதெல்லாம் பெரிய வூட்டுப் பொண்ணுங்க. அவங்க இருக்கசொல்ல நீ வாயத் தொறக்காதே. வகுப்புலயும் அப்டித்தான். ஒருத்தி மூஞ்சி கோணிச்சின்னா என் வேலை போச்சு."

நஸ்ருன்னிசா சொன்ன பேச்சைக் கேட்கும் பெண்.

நாலாம் வகுப்பு முடியும் சமயம், தலைமை ஆசிரியை ஐரின், ஹாஜிரா பீயைக் கூப்பிட்டார். ஐரின் கெட்டவர் இல்லை. ஆயாக்களையும் உட்காரச் சொல்பவர்.

"அஞ்சாவதுல இங்கிலீஷ் வருது. வீட்ல சொல்லிக்குடுக்க ஆள் வேணும். உன் பொண்ணைத் தையல் வகுப்புல சேர்த்துடறேன், ஹாஜிரா. கைத்தொழில் இருந்தா நாளைக்கு யார் தயவும் வேண்டாம்."

"இன்னாத்துக்கு டீச்சரம்மா? வூட்ல நல்லாத்தான படிக்குது?"

"இங்க ஒரு கேள்விக்குக்கூட வாயைத் திறந்ததில்லையே. அதுக்கு வர்றது அவ்வளவுதான்."

ஹாஜிரா பீக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, நான்தாம்மா பேசாதேன்னு சொன்னேன்!"

எந்தத் தாயும் இப்படி ஏதாவது சொல்லத்தான் செய்வாள் என்று ஐரின் நினைத்தார். ஆனாலும் நஸ்ருன்னிசாவை அழைத்துப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். வண்டிக்காகக் காத்திருந்த மற்றப் பெண்கள் வாசலில் வந்து கூடினார்கள். முன்னால் நின்றவள் தோல் வியாபாரி அப்துல் வஹீதின் மகள்.

நஸ்ருன்னிசா வாசலைப் பார்த்தாள்.

"படிம்மா. நான்தான சொல்றேன், படி," என்றாள் ஹாஜிரா பீ.

உதடு பிரிந்தது. குரல் வரவில்லை. தாய் போட்ட பூட்டைத் தாயாலேயே திறக்க முடியவில்லை.

"ஊமச்சி!" என்று அப்துல் வஹீதின் மகள் சிரித்தாள். ஐரின் அவளை அதட்டினார். நஸ்ருன்னிசாவின் தலையை வாஞ்சையாகத் தடவினார். பிறகு தையல் வகுப்பில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் கடைசி வீட்டுப் பெண்ணும் இறங்கிப் போனாள். வண்டி கச்சேரி ரோட்டில் திரும்பியபோது, திரைக்குள்ளிருந்து மழை எப்படி உண்டாகிறது என்ற பாடம் கேட்டது. தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உரக்க.

வண்டிக்காரர் சங்கரன் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

"இன்னா பீயம்மா, பெரிய வூட்டுப் பொண்ணு ஒண்ணு உள்ள படிச்சிக்கினு கீது? யாரை இறக்காம வுட்டே?"

உள்ளே குரல் நின்றது.

"எல்லாரும் இறங்கியாச்சு," என்றாள் ஹாஜிரா பீ. "நீ ஓட்டு, நைனா."