கறுப்புத் தரை

மதியச் சாப்பாட்டில் ஒளித்து எடுத்து வந்த ரொட்டியை டெல்மிரா பிட்டுப் பிட்டுத் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத் தாழ்வாரத்தின் கடைசியில், தோட்டத்துக்குப் போகும் கதவுக்கு முன்னால், பெரிய சதுரமாகக் கறுப்புக் கல் பதித்திருந்தது. அதன் விளிம்பில், செருப்பு நுனிகூடக் கல்லில் படாமல் நின்றிருந்தாள். துண்டுகள் அவள் காலடியிலேயே கிடந்தன. அவள் பார்வை அவற்றின்மேல் இல்லை. அவற்றையும் தாண்டி, வெகு கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஜனவரிதான் உச்சக் கோடை; வெயிலுக்குச் சால்ட்டோ ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். அளவு நாடாவும் கையுமாக வந்த நிடியா, அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“யாருக்குக்கா ரொட்டி?”

டெல்மிரா திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “மெதுவா பேசுங்க. தங்கச்சி உள்ள இருக்கா. சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ.”

“எந்தத் தங்கச்சி?”

“எனக்கென்ன பத்துப் பேரா இருக்காங்க? ஒருத்திதான். நிடி. விழுந்துட்டா. இவங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. உங்களைப் பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கு. ஒரு கயிறு வாங்கித் தரக்கூடாதா?”

நிடியா அளவு நாடாவை மெல்லச் சுருட்டினாள். அக்காவுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்பது வந்த அன்றே தெரிந்துபோன விஷயம். அதற்கு மனதைத் தயார்செய்துகொண்டுதான் மொண்டெவிடியோவிலிருந்து பஸ் ஏறியிருந்தாள். ஆனால் தன்னை எங்கோ கீழே வைத்துச் சோறு போடுகிறாள் என்பது வேறு.

நிடியா கட்டட வரைபடம் போடுகிறவள். பள்ளிக்கூடங்கள், ஒன்றிரண்டு மருத்துவமனைகள் கட்டியிருக்கிறாள். முதியோர் இல்லம் இதுதான் முதல். வெளிச்சம் போதவில்லை, வழுக்குகிறது என்று சோதனைக்கு வந்தவர்கள் குறை சொல்லிப் போனதும், இல்லத்தை நடத்தும் வில்மார் அவளுக்குப் போன் செய்தார். அக்கா இருக்கிற இடம்தானே, பார்த்துச் செய்யுங்கள் என்றார். காகிதத்தில் கோடு போடுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் இங்கேயே தங்கிப் பார்க்கிறேன் என்று அவள்தான் சொன்னாள். காலி அறை ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டிலில் படுத்தால் கழிவறைக் கதவு தெரியாது. எல்லா அறைக் கதவுகளுக்கும் ஒரே பழுப்பு நிறம், யாருக்கும் தங்கள் அறை எதுவென்று தெரியாமல் மாறிமாறித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் முதல் நாளே அவள் கண்ணில் பட்டுவிட்டது. கறுப்புத் தரை மட்டும் படவில்லை. அது அழகாக இருந்தது.

ரொட்டியைப் பார்த்த பிறகுதான் அவள் ஒரு சோதனை செய்தாள். பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றில் மஞ்சள் காகிதம் ஒட்டி, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவினாள். எண்பது வயதுக் கண் உலகத்தை ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கும். அதை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். மெழுகு போட்ட வெளிர் தரை தண்ணீர்போல மினுங்கியது. கதவுக் கண்ணாடி வெயிலில் வெறும் வெள்ளையாக எரிந்தது. அதற்கு இந்தப் பக்கம், கல் இல்லை. குழிதான் இருந்தது. விளிம்பு கூர்மையாக இறங்கியது. இது வெறும் கல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலைத் தூக்கினாள். கால் இறங்க மறுத்தது. கண்ணாடியைக் கழற்றியபோது கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

பணியாள் யானினா துவைத்த துணிக்கூடையோடு தோட்டத்துக்குப் போனாள். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய தரை மிச்சமிருந்தது. கூடையைத் தலைக்குமேல் தூக்கி, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு அதன் வழியாகப் போனாள்.

“ஏன் யானினா, நேரா போனா என்ன?”

யானினா தன் காலைக் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் கவனித்தவள்போல இருந்தது. “தெரியலையே மேடம். எல்லாரும் இப்படித்தான் போறோம்.”

மாலையில் வில்மார் தோளில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் கிண்ணமுமாக வந்து உட்கார்ந்தார். பருத்த மனிதர், சிரித்தால் வயிறு முதலில் சிரிக்கும்.

“என்ன இன்ஜினியரம்மா, எங்க குழியைக் கண்டுபிடிச்சிட்டீங்களாமே.”

“தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

அவர் கிண்ணத்தை உறிஞ்சி முடித்தார். “முதல்ல ஒரு கறுப்பு மிதியடிதான் கிடந்துச்சு. அதை ஒருத்தரும் தாண்டலை. அப்பதான் விளங்குச்சு. அதுக்கு முந்தின குளிர்காலம் ஒரு பெரியவர் தோட்டத்துச் சுவரேறி ஆத்துக்குப் போயிட்டார். நாந்தான் போய் உடம்பை அடையாளம் காட்டினேன். அதுக்கப்புறம் பூட்டு போட்டுப் பாத்தேன். விடிய விடிய கதவை இடிப்பாங்க. கல்லைப் போட்டேன், சத்தமே இல்ல.”

“தோட்டத்துக்கே போகாம உக்காந்திருக்காங்க.”

“உசுரோட உக்காந்திருக்காங்கல்ல.”

நிடியாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. காகிதத்தை விரித்தாள். வெளிர் தரை, சொரசொரப்பான கல், மெழுகு கிடையாது. தோட்டத்துப் பாதை எங்கே தொடங்கினாலும் வளைந்து வீட்டுக்கே வந்து சேரும். சுவர் கண்ணில் படாதபடி அதை ஒட்டி உயரமான செடி வரிசை. தெருக்கதவுக்குச் சுவரின் நிறமே. அறைக்கு அறை வேறு வேறு நிறம். வில்மார் வெகுநேரம் பாதையின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கே திரும்பியது.

“சரி, பேத்துடுங்க. ஆனா யாராவது ஆத்துப் பக்கம் போனா, அடையாளம் காட்ட நீங்கதான் வரணும்.”

பாதை வேலையும் செடி வேலையும் முடிய மழைக்காலம் ஆகிவிட்டது. கறுப்புத் தரையைக் கடைசியாக வைத்திருந்தார்கள். ஒல்மெடோ என்ற கொத்தனார் சுத்தியலும் உளியுமாக வந்து விளிம்பில் மண்டியிட்டார். முதல் அடி விழுவதற்குள் டெல்மிரா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்தே யாரும் பார்த்ததில்லை.

“மூடப் போறீங்களா? அவ உள்ள இருக்காளே.”

“இல்லம்மா, புதுசா கல்லு...”

“மேல கல்லு வச்சா அவ எப்படி வருவா?”

அவள் அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. கொத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. நிடியா யோசித்தாள். சாயங்காலம் அக்கா தூங்கும்போது பேர்த்துவிடலாம். காலையில் எழுந்து வந்து பார்த்தால் மூடியிருக்கும். அக்கா கையில் ரொட்டியோடு நிற்பாள்.

நிடியா செருப்பைக் கழற்றினாள். சுவரோரமாகச் சுற்றிப் போகாமல், நேராகக் கறுப்புக் கல்லில் காலை வைத்தாள். டெல்மிராவின் மூச்சு சட்டென்று நின்றது. நடுவில் போய் நிடியா மண்டியிட்டாள், பிறகு தலை குனிந்து இன்னும் தாழ்ந்தாள். கல் எதிர்பார்த்ததைவிடச் சில்லென்று இருந்தது. கீழிருந்து காற்று வருவதுபோல ஒரு கணம் தோன்றியது. அங்கிருந்து கையை மேலே நீட்டினாள்.

“அக்கா.”

டெல்மிரா விளிம்பில் படுத்தேவிட்டாள். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனாலும் கையை நீட்டினாள். பிடி கிடைத்ததும் இழுத்தாள். அந்தக் கிழவி உடம்பில் இவ்வளவு பலமா என்று நிடியா திகைத்தாள். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. முழங்கால் கல்லில் உரசி, வெளிர் தரைக்கு வந்து சேர்ந்தாள். டெல்மிரா அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். கன்னம், காது, நரைத்த முடி.

“எவ்வளவு கிழவி ஆயிட்டடி,” என்றாள். “உள்ள அத்தனை நாளாடி இருந்த?”

கொத்தனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பின்னால் செருப்புகள் தேயும் சத்தம் கேட்டது. அறைக் கதவுகள் திறந்திருந்தன. வாய்திறந்து பேசியே பழக்கமில்லாத எலியோதோரோ முன்னால் வந்தார். ஆரஞ்சுத் தோப்பில் காலமெல்லாம் வேலைசெய்த ஆள், கை இன்னும் வேர்போல இருந்தது. விளிம்பில் குந்தி அந்தக் கையைக் கறுப்புக்குள் விட்டார். நிடியாவை அவர் பார்க்கவே இல்லை. “வா, எட்டிப் பிடி,” என்றார். பிறகு உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிடித்து ஏறியவர் கனமான ஒருவர்தான். எழுந்து, மூச்சு வாங்கிவிட்டு, ஒரு கையைத் தோள் உயரத்தில் வளைத்தபடி தாழ்வாரத்தில் திரும்பி நடந்தார். பக்கத்தில் வருகிறவருக்கு ஈடுகொடுத்து, மெதுவாக, இடம் விட்டு.

அடுத்து ஒரு பாட்டி. அவள் இழுத்தது சின்னப் பிள்ளையைப்போல, ஒரே தூக்கில் இடுப்புக்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர் இரண்டு தடவை இழுத்தார். தாழ்வாரம் நெரிசலாகத் தொடங்கியது. யானினா துணிக்கூடையோடு சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். யாருக்கோ வழிவிடுகிறவள்போல ஒரு முறை ஒதுங்கவும் செய்தாள்.

வரிசை முடிந்தது. பின்னால் நின்றிருந்த வில்மார் முன்னால் வந்தார். “ஆரம்பிங்க மேஸ்திரி.”

ஒல்மெடோ சுத்தியலை எடுக்கவில்லை. நிடியாவைப் பார்த்தார்.

“எல்லாரும் வந்துட்டாங்களான்னு ஒரு தடவை கேட்டுருங்கம்மா.”

நிடியா வாயைத் திறப்பதற்குள் டெல்மிரா விளிம்பில் மறுபடி மண்டியிட்டிருந்தாள். ஒரு கையால் தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கறுப்புக்குள் குனிந்தாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு, திரும்பாமலே, இன்னொரு கையை அவர்கள் பக்கம் உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினாள்.